மலையேறிய மைலேஜ் கார்

அத்தியாயம் 5

திருச்செங்கோட்டில் ஒரு டிரைவருக்குக் குடிகாரன் என்று பேர் வந்தாலும் வேலை கிடைக்கும். முன்கோபி என்றால் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஏற்றி வடக்கே அனுப்பிவிடுவார்கள். டேங்க்கில் கை வைக்கிறவன் என்று ஒருமுறை பேர் விழுந்துவிட்டால், சைக்கிள் சாவியைக்கூட நம்பித் தரமாட்டார்கள்.

ராசப்பனுக்கு அந்தப் பேர் விழுந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மறுநாள் திங்கட்கிழமை ஒரு காலேஜில் பஸ் ஓட்டப் போக வேண்டியவன். "பழைய முதலாளி போன்ல ஒரு வார்த்தை நல்லதா சொன்னாப் போதும்" என்று காலேஜ் மேனேஜர் சொல்லியிருந்தார். பழைய முதலாளி மணிமாறன் நடு ஷெட்டில் எல்லாரும் பார்க்க அவனைத் துரத்தியவர். அவர் சொல்லக் காத்திருந்த ஒரே வார்த்தை, திருடன்.

ராசப்பனின் மனைவி ஜெயப்பிரியா ஞாயிறு காலையிலேயே முதல் பஸ் பிடித்து சேலம் வந்து, சூரமங்கலத்தில் பரோட்டாக் கடை மாடியில் இருந்த தனப்பிரியாவின் ஆபீஸ் படியேறிவிட்டாள். தனப்பிரியா பல வருடம் லாரி இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். முதலாளிகள் சொல்லும் பொய்யைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பொய்யைக் கண்டுபிடிப்பதையே தனித் தொழிலாக வைத்துக்கொண்டாள். அவளுடைய அசிஸ்டென்ட் அர்த்தநாரி, டவுன் பஸ் கண்டக்டர் வேலையை விட்டு வந்தவர். பஸ்ஸை விட்டாரே தவிர வாயை விடவில்லை.

பத்து மணிக்கெல்லாம் இருவரும் மணிமாறனின் ரிக் ஷெட்டில் நின்றார்கள். ஷெட் நடுவில் துணி போர்த்திய ஒரு பழைய அம்பாசிடர். போட்டி ரிக் முதலாளி ஒருவர் குதிரை வாங்கிவிட்டார் என்பதற்காக மணிமாறன் வாங்கிய கார் அது. குதிரையைப் பற்றி ஊரே பேசியது. காரைப் பற்றி மணிமாறன் மட்டும் பேசினார்.

"இதுல விசாரிக்க என்னங்க கெடக்குது?" என்றார் மணிமாறன். "லிட்டருக்குப் பத்து குடுத்துட்டிருந்த வண்டி. ரெண்டு மாசம் முன்னாடி மைலேஜ் ஆக்சில் போட்டேன். ஏறோணுமா இல்லீங்களா? ஒம்பதுக்கு எறங்கிடுச்சு. மிச்சப் பெட்ரோலு எங்க போச்சு? ராசப்பன் ஊட்டுக்குத்தான் போச்சு."

"மைலேஜ் ஆக்சில்னா என்னங்க?" என்றாள் தனப்பிரியா.

அவளுக்குத் தெரியும். ஆனால் ஆம்பளைகள் வண்டியைப் பற்றி விளக்கும்போது தெரியாத மாதிரி நின்றால் அவர்கள் கேட்காததையும் சொல்லிவிடுவார்கள். இன்சூரன்ஸ் வேலை கற்றுக்கொடுத்த பாடம்.

மணிமாறன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "பின் ஆக்சிலுக்குள்ள கிரவுனு, பினியன்னு ரெண்டு பல்சக்கரம் இருக்குதுங்கம்மா. கியர் பாக்ஸ்ல இருந்து ஒரு நீளமான சாஃப்ட் வந்து அதைச் சுத்தும். பழைய செட்டுல டயர் ஒரு சுத்து சுத்தறதுக்கு சாஃப்ட் கிட்டத்தட்ட அஞ்சு சுத்து சுத்தோணும். புது செட்டுல நாலு சுத்துப் போதும். என்ஜின் சாவகாசமா ஓடும். பெட்ரோல் மிச்சம். குமரகுரு சொன்னாரு, செட்டும் அவருகிட்டத்தான் வாங்கினேன்."

"குமரகுரு ஆருங்க?"

"பழைய கார் சங்கத்து செகரட்டரி. நம்ம பக்கம் மைலேஜ் ராஜான்னா அவருதான். அவரோட அம்பாசிடர் பன்னெண்டுக்கு மேல குடுக்குது. போன வருசம் சங்கத்து மைலேஜ் போட்டியில நாலாவதா வந்தாரு. இந்த வருசம் கேடயம் அவருக்கு."

"மைலேஜை எப்பிடிங்க அளக்கறீங்க?"

"ஒரு மாசம் அவிய அவிய இஷ்டத்துக்கு ஓட்டிட்டு, மீட்டரையும் பங்க் பில்லையும் போட்டோ புடிச்சு வாட்ஸ்அப் குரூப்புல போடோணும். எல்லாம் கவுரவமான ஆளுங்க. அளக்கறதுக்கு ஆள் வெச்சா மரியாதையா இருக்காதுங்களே."

அர்த்தநாரி இருமினார். டிக்கெட் எடுக்காத கவுரவமான ஆளுங்க எத்தனை பேரை அவர் பார்த்திருப்பார்.

"டிரைவர் பெட்ரோல் எடுக்கறார்னு உங்களுக்கு எப்பிடித் தோணுச்சு?"

"எனக்குத் தோணலீங்க. குமரகுரு சொன்னாரு. ஆக்சில் மேல தப்பில்ல, ஆள் மேலதான் தப்பு, டேங்க்கைப் பாருன்னாரு."

"கழட்டின பழைய பல்சக்கர செட்டு எங்க?"

அதுவரை சரசரவென்று வந்த பதில் நின்றது. "அது... குமரகுருவே எடுத்துட்டுப் போயிட்டாரு."

தனப்பிரியா ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள். பாறை துளைத்துத் தேய்ந்த பிட்டுகள் ஒரு குவியல், வளைந்த பைப்புகள் ஒரு குவியல், துருப்பிடித்த போல்ட்டுகள் ஒரு சாக்கு. இந்த ஊரில் எந்த மெக்கானிக் எதைக் கழற்றினாலும் பழைய சாமானை முதலாளியின் காலடியில் வைத்துவிட்டுத்தான் கூலி கேட்பான். முதலாளி அதை எடைக்குப் போடுவார். இது இங்கே சட்டம் மாதிரி.

"போல்ட்டுக்குச் சாக்கு வெச்சிருக்கறவரு, கிரவுன் செட்டை எப்பிடிங்க விட்டீங்க?" என்றார் அர்த்தநாரி.

"கிளாசிக் கார் வெச்சிருக்கறவன் இரும்பை எடைக்குப் போடமாட்டான், அது தரக்குறைவுன்னு சொன்னாருங்க."

தனப்பிரியா சிரிக்கவில்லை. சிரிப்பை வீணாக்குவது அவளுக்குப் பிடிக்காது. "வண்டியை ஒரு ரவுண்டு எடுத்துட்டு வாரேன்" என்றாள்.

"நீங்க ஓட்டுவீங்களா?"

"லாரியே ஓட்டிப் பாத்துத்தானுங்க ரிப்போர்ட் எழுதினேன். சாவி குடுங்க."

நாமக்கல் ரோட்டில் கார் கப்பல் மாதிரி மிதந்துகொண்டு போனது. என்ஜின் சத்தமே இல்லை. ஆனால் ஒரு சின்னப் பாலத்தின் ஏற்றம் வந்ததும் முனகியது, திணறியது. அவள் கியரை இறக்க வேண்டியிருந்தது.

"அஞ்சு பேர் உக்காந்த ஆட்டோ மாதிரி மூச்சு வாங்குதே மேடம்."

"மைலேஜ் ஆக்சில் அப்பிடித்தான். சமதளத்துல சாமியார், மேட்டுல நோயாளி. அதுல பொய்யில்ல, ஆக்சில் நெசமானதுதான். நீங்க ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லை எண்ணுங்க. மீட்டரை நான் பாத்துக்கறேன்."

அர்த்தநாரி ஜன்னலில் தலை வைத்து, ஸ்டாப் பேரைக் கூவுகிற பழைய ராகத்தில் எண்ணிக்கொண்டே வந்தார். பத்தாவது கல்லில் அவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

"மீட்டர் எத்தனைங்க?"

"எட்டு."

"எட்டா? நாந்தான் ரெண்டு கல்லைச் சேத்து எண்ணிட்டனோ."

திரும்பி வரும்போதும் எண்ணினார்கள். மறுபடியும் பத்துக் கல், மீட்டரில் எட்டு.

"இந்த மீட்டருக்கு ஒயரு எங்கிருந்து வருது அர்த்தநாரி?"

"முன் சக்கரத்துல இருந்துங்களா?"

"இந்தக் காருல அப்பிடி இல்ல. கியர் பாக்ஸோட பின்பக்கத்துல இருந்து. மீட்டர் டயரைப் பாக்கறதே இல்ல. சாஃப்ட் எத்தனை சுத்துதுன்னுதான் எண்ணும். அஞ்சு சுத்தினா டயர் ஒரு சுத்துன்னு கம்பெனியில அதுக்குச் சொல்லிக் குடுத்தது. இப்ப சாஃப்ட் நாலுதான் சுத்துது. மீட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்குலயே ஓட்டிட்டிருக்குது."

அர்த்தநாரி உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். "அப்ப மீட்டர்ல ஒம்பதுன்னா ரோட்டுல பதினொண்ணுக்கு மேல. மைலேஜ் ஏறித்தான் இருக்குது."

"ஏறியிருக்குது. ராசப்பன் ஒரு சொட்டு எடுக்கல. காணாமப் போனது பெட்ரோல் இல்ல, கிலோமீட்டர்."

"கிலோமீட்டர் திருட்டுக்கு எந்த செக்சன்ல கேஸ் போடுவாங்க மேடம்?"

"அதுக்குத்தான் ஆளைப் பாக்கப் போறோம்."

அர்த்தநாரி திரும்பினார். "கேஸ்தான் முடிஞ்சுதுங்களே. மணிமாறன்கிட்டச் சொல்லிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு..."

"சொன்னா நம்புவாரா? என் பேச்சு ஒரு தட்டு, ராஜா பேச்சு ஒரு தட்டு. ராஜா பக்கம்தான் சாயுவாரு." அவள் கியரைப் போட்டாள். "யோசிங்க. ஆக்சில் பல்லைப் பத்திப் பக்கம் பக்கமா குரூப்புல எழுதற ஆளுக்கு, ஆக்சில் மாத்தினா மீட்டர் பொய் சொல்லும்னு தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சும் டிரைவர் மேல கையைக் காட்டினாரு. ஒண்ணு முட்டாள், இல்லைன்னா கள்ளன். முட்டாளா இருந்தா மன்னிச்சு விட்டுடலாம்."

"நீங்க மன்னிக்க மாட்டீங்க மேடம். போன மாசம் ஒரு முட்டாளை ராசிபுரம் வரைக்கும் தொரத்தினீங்க."

மலையடிவாரத்து மைதானத்தில் பழைய கார் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு கார்கள் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றன. ஒவ்வொரு பானெட்டுக்கு முன்னாலும் நாலு பேர் கைகளைக் கட்டிக்கொண்டு, பிணத்தைப் பார்ப்பது போல உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதையும் தொடவில்லை. தொட்டால் கை அழுக்காகும்.

நடுவில் ஒரு நீல அம்பாசிடர், ஓரமாக ஒரு ஸ்டூல் மேல் கேடயம். பக்கத்தில் சங்கத்தின் சின்னம் போட்ட பனியனும் கறுப்புக் கண்ணாடியுமாகக் குமரகுரு. மணிமாறனும் வந்து அவர் தோளோடு ஒட்டி நின்றிருந்தார்.

"உங்களைப் பத்தித்தானுங்க வழியெல்லாம் பேச்சு" என்றாள் தனப்பிரியா. அவள் இவ்வளவு இனிமையாகப் பேசினால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தநாரிக்குத் தெரியும். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு தள்ளி நின்றார்.

"பேசத்தான் செய்வாங்க" என்றார் குமரகுரு. "மைலேஜ்ங்கறது பெட்ரோல்ல இல்லீங்கம்மா, அறிவுல இருக்குது. உங்களுக்குச் சொன்னாப் புரியுமோ என்னமோ."

"மெதுவாச் சொன்னாப் புரியும்ங்க. உங்க காருக்கும் ஆக்சில் மாத்தினீங்களா?"

"இதுக்கெதுக்கு? இது பிந்தின மாடல். கம்பெனியிலயே நாலு சுத்து மைலேஜ் ஆக்சில் போட்டு வந்தது. நட்டுல கை வெக்கலீங்க."

"அப்ப மலை ஏறாதே?" அவள் முகத்தில் அவ்வளவு கவலை. "மைலேஜ் ஆக்சில்னா மேட்டுல திணறும்னு சொன்னாங்க. கோயில் ரோட்டுல எல்லாம் நீங்க ஏத்த மாட்டீங்களாட்டம் இருக்குது."

சுற்றி நின்றவர்களில் ஒருவன் லேசாகச் சிரித்தான். அது போதும், குமரகுரு கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க. மணிமாறா, நீயும் ஏறு. அந்தத் தொப்பைக்காரரும் வரட்டும். மூணாவது கியர்ல மேல போகுதா இல்லையான்னு பாத்துட்டு அப்பறம் பேசுங்க."

போனது. வளைவுக்கு வளைவு குமரகுரு கியர் கம்பியில் கையே வைக்காமல், ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு ஓட்டினார். என்ஜின் உறுமியது, ஆனால் திணறவில்லை. பின் சீட்டில் மணிமாறன் மெல்ல நெளிந்தார்.

"என்ற வண்டி போன வாரம் இந்த வளைவுல மொதல் கியருக்கு எறங்கிடுச்சு."

"ஓட்டற ஆளைப் பொறுத்துதுப்பா" என்றார் குமரகுரு. "உன்ற டிரைவருக்கு டேங்க்கு மேலதான் கண்ணு, ரோட்டு மேல இல்ல."

தனப்பிரியா ஜன்னல் வழியாகக் கீழே தெரிந்த ஊரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வாயைத் திறந்தால் அடக்கிவைத்த இகழ்ச்சி முழுக்கக் கொட்டிவிடும். மைலேஜ் ஆக்சில் போட்ட கார் இப்படி மலை ஏறாது. இப்படி மலை ஏறும் கார் அவ்வளவு மைலேஜ் கொடுக்காது. இந்த மனுசன் இரண்டையும் ஒரே மூச்சில் பெருமையடித்துக்கொண்டு, தன் கழுத்தில் தானே மாலை போடுவதாக நினைத்துக் கயிற்றைப் போட்டுக்கொண்டிருந்தார்.

மலையிறங்கியதும், "சமதளத்துலயும் எப்பிடிப் போகுதுன்னு பாக்கோணும்ங்க" என்றார் முன் சீட்டில் இருந்த அர்த்தநாரி. குமரகுரு சந்தோஷமாக மெயின் ரோட்டில் ஒரு சுற்று காட்டினார். அர்த்தநாரி வெளியே பார்ப்பதும் மீட்டரைப் பார்ப்பதுமாக இருந்தார். ராகம் போடவில்லை. மைதானத்தில் இறங்கும்போது தனப்பிரியாவின் காதருகே வந்தார்.

"எட்டுக் கல்லு மேடம். மீட்டர் பத்து ஓடிருக்குது."

"அங்க காணாமப் போனது இங்க இருக்குது."

"ஒரே தெருவுலயே வெச்சிருக்கானே. கள்ளனுக்கு ஒரு மறைவு வேண்டாமா."

தனப்பிரியா மணிமாறனிடம் திரும்பினாள். "உங்க ரிக் வண்டியில நாலு ஜாக்கி இருக்குமா?"

"எட்டே இருக்குது. எதுக்குங்க?"

"ரெண்டு காரையும் பின்னாடி தூக்கோணும்."

குமரகுருவின் கறுப்புக் கண்ணாடி முதல்முறையாகக் கீழே இறங்கியது. "என்ற வண்டியில எவனும் கை வெக்கக் கூடாது. பெயின்ட் போயிரும்."

"பெயின்ட்டுக்கு நான் பொறுப்புங்க. மேட்டுல கூட்டிட்டுப் போனவரு, ஜாக்கிக்குப் பயந்துக்கறீங்களே."

சங்கத்துக்காரர்கள் பானெட்டுகளை விட்டுவிட்டு இந்தப் பக்கம் நகர்ந்தார்கள். அத்தனை பேர் எதிரில் வேண்டாம் என்று சொல்ல ராஜாவுக்கு வாய் வரவில்லை. மணிமாறன் போன் போட்டு வரவழைத்த ரிக் பையன்கள் ஜாக்கி வைத்து இரண்டு காரின் பின்பக்கத்தையும் தூக்கி நிறுத்தினார்கள். தனப்பிரியா நான்கு டயரிலும் சாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டாள். அர்த்தநாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணிமாறனின் காருக்கடியில் தவழ்ந்தார்.

"ரெண்டு டயரையும் சேத்து ஒரே ஒரு சுத்து. மெதுவா. நீங்க சாஃப்ட்டை எண்ணிச் சொல்லுங்க."

டயர் உருண்டது. அடியிலிருந்து குரல் வந்தது. "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலாவது முழுசா வரலீங்க. கிட்டத்தட்ட நாலு."

"மைலேஜ் ஆக்சில். சரி. இப்ப ராஜாவோட கார்."

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..." அர்த்தநாரி ஒரு கணம் நிறுத்தினார். பஸ்ஸில் கடைசி ஸ்டாப்பைச் சொல்வதற்கு முன் அப்படித்தான் நிறுத்துவார். "அஞ்சு கிட்டங்க. எறங்கறவங்க எல்லாம் எறங்கிக்கலாம்."

மணிமாறன் இரண்டு காரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிகிறது, ஆனால் வெளியே வரமாட்டேன் என்கிறது.

"உங்க பாஷையில சொல்றேங்க" என்றாள் தனப்பிரியா. "போர் போடறப்ப ஆழத்தை எப்பிடி அளப்பீங்க?"

"எறக்கின பைப்பை எண்ணித்தான். ஒரு பைப்பு இருபது அடி."

"எண்ணறவன் ஒரு பைப்பைப் பதினாறு அடின்னு நெனச்சுட்டா?"

"எரநூறு அடி போட்டுட்டு நூத்தறுபதும்பான்."

"குழி ஆழம் கொறஞ்சிருச்சுன்னு அர்த்தமா? டீசலைத் திருடிட்டான்னு ஆப்பரேட்டரை அடிப்பீங்களா?"

மணிமாறன் இல்லை என்று தலையாட்டினார்.

"உங்க மீட்டர் அப்பிடித்தான் கொறைச்சு எண்ணிட்டு இருக்குது. பத்துக்கு எட்டு. அவரு மீட்டர் இருபதடி பைப்பை இருபத்தஞ்சுன்னு எண்ணுது. எட்டுக்குப் பத்து. ஏன்னா உங்க பழைய செட்டு இப்ப அவரு ஆக்சிலுக்குள்ள இருக்குது, அவரு செட்டு உங்களுக்குள்ள. உங்களுக்கு என்னன்னு சொல்லி வித்தாரு?"

"வெளிநாட்டுச் சரக்குன்னு."

"வெளிநாடு எங்க இருக்குதுன்னு பாத்துக்கங்க. அந்த நீல வண்டிக்கடியில இருந்துது. ஒரே மாத்துல அவருக்குக் கேடயம், உங்களுக்கு நஷ்டம். மைலேஜ் கொறைஞ்சுதுன்னு நீங்க ஆராய ஆரம்பிச்சா அவரு மாட்டுவாரு. அதனாலதான் டிரைவர் மேல கையைக் காட்டி உங்க கண்ணைத் திருப்பிவிட்டாரு."

"இது... இது டெக்னிக்கலா விவாதிக்க வேண்டிய விசயம்" என்றார் குமரகுரு.

"நட்டுல கை வெக்கலைன்னு நீங்கதானுங்க கொஞ்ச நேரம் முன்னாடி சொன்னது. எந்த நட்டு?"

சங்கத்துத் தலைவர் போய் ஸ்டூல் மேலிருந்த கேடயத்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். மணிமாறன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குமரகுருவை நோக்கி நகர்ந்தார். தனப்பிரியா குறுக்கே நின்றாள்.

"அவரை அப்பறம் பாத்துக்கலாம். வண்டி ஜாக்கி மேல நிக்குது, எங்கயும் போகமாட்டாரு. மொதல்ல போனை எடுங்க. காலேஜ் மேனேஜருக்கு."

மணிமாறன் சுற்றிலும் பார்த்தார். இத்தனை பேர் எதிரில், தன் வாயால். "நாளைக்குக் காலைல தனியா பேசிக்கறேனுங்க."

"பேரைக் கெடுக்கறப்ப நாளைக்குன்னு தள்ளி வெச்சீங்களா? நடு ஷெட்டுல, எல்லாரும் பாக்கத்தானுங்களே சொன்னீங்க. எல்லாரும் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல போடுங்க."

மைதானத்துப் பூக்கடை ஓரத்தில், தனப்பிரியா வரச்சொல்லியிருந்த ஜெயப்பிரியாவும் ராசப்பனும் நின்றிருந்தார்கள். ராசப்பன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான், ஏதோ இன்டர்வியூவுக்கு வந்தவன் போல. ஒரு வாரமாகக் குனிந்த தலை இன்னும் நிமிரவில்லை.

போன் மணி அடித்தது. மேனேஜர் எடுத்தார்.

"ராசப்பன் விசயமாப் பேசறேனுங்க" என்றார் மணிமாறன். "நல்ல டிரைவர்."

"டேங்க் விசயமா ஏதோ பேச்சு அடிபடுதேங்க. பஸ்ஸுக்கு டீசல் போடற பொறுப்பும் அவருக்குத்தான் வரும். அதனாலதான் கேக்கறேன்."

மணிமாறன் தனப்பிரியாவைப் பார்த்தார். அவள் அசையவில்லை.

"அந்தப் பேச்சைக் கெளப்பிவிட்டவன் நாந்தானுங்க. அவன் ஒரு சொட்டு எடுக்கல. என்ற மீட்டர் தப்பு. மீட்டரை நம்பின நானும் தப்பு."

"அப்ப நாளைக்கு ஆறு மணிக்கு அனுப்பிவிடுங்க."

போனை வைத்ததும் மணிமாறன் ராசப்பனிடம் நடந்தார். கையில் கார் சாவி. அவர் வாயில் வந்த மன்னிப்பு பாதி வழியிலேயே வேறாக மாறிவிட்டது. "காலேஜ் பஸ்ஸெல்லாம் உனக்கு எதுக்கு ராசப்பா. நம்ம வண்டிக்கே வந்துரு. சம்பளம் சேத்துத் தாரேன்."

ராசப்பன் சாவியைப் பார்த்தான். கை நீட்டவில்லை.

"ஆறு மணிக்கு வரச்சொன்னது உங்க காதுலயும் விழுந்துதுங்களே" என்றான்.

பின்னால் குமரகுருவின் குரல் மெல்லக் கேட்டது. "ஏனுங்க, வண்டியைக் கொஞ்சம் எறக்கி விடறீங்களா?"

அர்த்தநாரி ஜாக்கிக் கைப்பிடி மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்துகொண்டார். "ஊடு எவ்வளவு தூரமுங்க?"

"பக்கந்தான். எட்டு கிலோமீட்டர்."

"மீட்டர்லீங்களா, நடந்து போனாலா?"

ஜெயப்பிரியா புருசனின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள். பத்தடி போனதும் நின்று, அவன் காதில் அல்ல, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நாளைக்கு அந்த பஸ்ஸுல ஏறினதும் டீசல் போட்டுறாதீங்க. மொதல்ல பத்துக் கல்லு ஓட்டி மீட்டரைப் பாருங்க."

ராசப்பன் ஒரு வாரத்தில் முதல்முறையாகத் தலையை நிமிர்த்திச் சிரித்தான்.